ஆட்சிக்கவிழ்ப்பு தோற்றபின் பிடிபட்டவர்களை எப்படி விசாரிப்பது? மாதிரி நீதிமன்றத்துக்கு விவரம் வேண்டும்

சனிவகுப்பு:

வணக்கம். மலேசியாவில் சுங்கை சிப்புட்டில் படிவம் 6 பிள்ளைகள் 14 பேர் மாதிரி நீதிமன்றம் நடத்தப் போகிறார்கள். இடம் கோயில் மண்டபம், கையில் இருப்பது 2 மணி நேரம். கதை இதுதான். பெயரில்லாத ஒரு நாடு. இரவு 11 மணிக்கு மூன்று முகாம்களிலிருந்து லாரிகள் கிளம்பி வானொலி நிலையத்தைப் பிடிக்கின்றன. பிரதமர் தப்பிவிடுகிறார். விடியற்காலை 5 மணிக்குள் எல்லாரும் சரண். பிடிபட்டவர்கள்: ஒரு கர்னல், ஒரு கேப்டன், 20 சிப்பாய்கள், ஓய்வு பெற்ற ஒரு போலீஸ் உயரதிகாரி, ஓர் அரசாங்க குமாஸ்தா.

பிள்ளைகள் எழுதி வந்த முதல் படியில் கர்னலை மறுநாளே சுட்டுத் தள்ளிவிட்டார்கள். சினிமா பார்த்த கோளாறு. நிஜமாக நடந்ததை வைத்துத் திருத்த வேண்டும். முதல் இரண்டு நாள் என்ன செய்ய வேண்டும்? இராணுவ நீதிமன்றமா, சாதாரண நீதிமன்றமா? சம்பவம் நடந்த பிறகு புதுச் சட்டம் போட்டு அதே ஆட்களைத் தண்டிக்கலாமா? "மேலதிகாரி சொன்னார், செய்தேன்" என்று சிப்பாய் சொன்னால் எடுபடுமா? வழக்கு எந்த இடத்தில் உடையும் என்று தெரிந்தால்தான் பிள்ளைகளுக்கு வாதாட இடம் கிடைக்கும். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


ஈப்போ_வக்கீல்:

டீச்சர், மூன்றாவது கேள்வியிலிருந்து தொடங்குங்கள். சுவை அதில்தான். உதாரணத்துக்குத் தூரம் போக வேண்டாம்: இலங்கை, 1962. சட்டம் படித்தவர்கள் லியனகே வழக்கு என்பார்கள்.

1962 ஜனவரி 27ஆம் தேதி இரவு கொழும்பில் ஆட்சியைப் பிடிக்கத் திட்டம். இராணுவ, கடற்படை, போலீஸ் மேலதிகாரிகள் சேர்ந்து போட்டது. உள்ளே இருந்த ஒரு போலீஸ் அதிகாரி வழியாகச் செய்தி கசிந்தது. ஒரு குண்டுகூட வெடிக்காமல் எல்லாம் முடிந்தது. பிடிபட்டவர்களை அமைச்சர் பீலிக்ஸ் டயஸ் பண்டாரநாயக்கவே முன்னின்று விசாரித்தார். வெலிக்கடைச் சிறையில் தனிக்கொட்டடியில் வைத்தார்கள். வழக்கு தொடங்கும் முன்னரே அரசாங்கம் வெள்ளை அறிக்கை ஒன்றை அச்சிட்டு, சதிகாரர்கள் இன்னார் இன்னார் என்று பெயர் சொல்லிவிட்டது. இந்த வரியைப் பிள்ளைகள் அடிக்கோடிட வேண்டும். நீதிமன்றம் சொல்ல வேண்டியதை அமைச்சரவை சொன்ன முதல் இடம் அது.

பிறகுதான் சட்டம். இலங்கைத் தண்டனைச் சட்டத்தில் அரசுக்கு எதிராகப் போர் தொடுப்பது 114ஆம் பிரிவு, அதற்குச் சதி செய்வது 115ஆம் பிரிவு. அது போதாது என்று நினைத்து, மார்ச் மாதம் குற்றவியல் சிறப்பு ஏற்பாடுகள் சட்டம் கொண்டுவந்தார்கள். அமலுக்கு வந்த தேதி ஜனவரி 1, அதாவது சம்பவத்துக்கு முன்பே தொடங்கிவிட்டது! அந்த ஒரு சட்டத்துக்குள் என்னென்ன இருந்தது என்று பாருங்கள். பிடியாணை இல்லாமல் பிடித்து வைத்திருந்ததைப் பின்னோக்கிச் சரியாக்கினார்கள். 115இல் ஒரு புதுக் குற்றத்தைச் செருகினார்கள்: சட்டத்துக்குப் புறம்பான வழியில் அரசாங்கத்தைக் கவிழ்ப்பது. போலீசிடம் கொடுத்த வாக்குமூலம் சாட்சியாகாது என்ற பழைய விதியைத் தளர்த்தினார்கள். ஜூரியை எடுத்துவிட்டு மூன்று நீதிபதிகள், அந்த மூவரையும் நியமிப்பவர் நீதி அமைச்சர். தண்டனை குறைந்தது 10 ஆண்டு, கூடவே சொத்துப் பறிமுதல் கட்டாயம். வழக்கு முடிந்ததும் சட்டமும் காலாவதி. ஒரே ஒரு கூட்டத்துக்காகத் தைத்த சட்டை.

அமைச்சர் நியமித்த மூன்று நீதிபதிகளும் 1962 அக்டோபரில் என்ன சொன்னார்கள் தெரியுமா? எங்களை நீங்கள் நியமித்ததே செல்லாது என்றார்கள். உடனே சட்டத்தைத் திருத்தி, நியமனத்தைத் தலைமை நீதிபதியின் கையில் கொடுத்தார்கள். இரண்டாவது அமர்வும் கலைந்தது. அதிலிருந்த ஒரு நீதிபதி முன்பு சட்டத்துறைத் தலைவராக இருந்து இதே விசாரணைக்கு உதவியவர். மூன்றாவது அமர்வுதான் 1963 ஜூனில் தொடங்கி 324 நாள் உட்கார்ந்தது. குற்றம் சாட்டப்பட்ட 24 பேரில் 11 பேரைக் குற்றவாளி என்று 1965 ஏப்ரலில் தீர்ப்பு. அந்தத் தீர்ப்பிலேயே நீதிபதிகள் மனம் நொந்து எழுதினார்கள்: சதியைத் தொடங்கியவரையும் இழுத்து வரப்பட்டவரையும் வேறுபடுத்தித் தண்டிக்க விரும்பினோம், சட்டம் கையைக் கட்டிவிட்டது என்று.

1965 டிசம்பரில், லண்டனில் இருந்த கடைசி மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் 11 பேரின் தண்டனையையும் ரத்து செய்தது. காரணத்தில்தான் பிள்ளைகள் தவறுவார்கள். முன்தேதியிட்ட சட்டம் என்பதற்காக மட்டும் அது விழவில்லை. அன்றைய இலங்கை அரசியலமைப்பில் அதற்குத் தடையே கிடையாது. இயற்கை நீதிக்கு விரோதம் என்ற வாதமும் எடுபடவில்லை. குறிப்பிட்ட சிலரை நினைத்துக்கொண்டு, அவர்களைத் தண்டித்தே தீரும்படி, தண்டனையின் அளவுவரை சட்டமன்றமே முடிவு செய்துவிட்டது. நீதிபதியின் வேலையைச் சட்டமன்றம் செய்யக் கூடாது. விழுந்தது அங்கே.

என் கருத்து: பழைய 115ஐ வைத்துக்கொண்டு, வழக்கமான சாட்சிய விதியில் பொறுமையாக நடத்தியிருந்தால் முக்கியமான சிலராவது உள்ளே இருந்திருப்பார்கள். அவசரத்தில் போட்ட கூடுதல் பூட்டே கதவைப் பெயர்த்துவிட்டது. பாடம் கற்றார்களா என்றால், அதுவும் இல்லை. 1971இல் பிரிவி கவுன்சிலுக்கு மேல்முறையீடு போவதையே நிறுத்தினார்கள். 1972இல் கிளர்ச்சியாளர்களை விசாரிக்கக் குற்றவியல் நீதி ஆணைக்குழு என்று சாட்சிய விதிகள் தளர்ந்த தனி அமைப்பை உண்டாக்கினார்கள்.

நம் நாட்டில் இதே கேள்வி வந்தால் முதல் சுவர் கூட்டரசு அரசியலமைப்பின் 7ஆவது பிரிவு. செய்தபோது குற்றமில்லாததைப் பிறகு குற்றமாக்கித் தண்டிக்க முடியாது. செய்தபோது இருந்ததைவிடக் கூடுதல் தண்டனையும் கொடுக்க முடியாது. இலங்கையிடம் இல்லாத சுவர். ஆனால் அவசரகாலத்துக்கு 150ஆவது பிரிவு இருக்கிறது. 1975இல் வந்த அவசரகாலப் பாதுகாப்பு வழக்கு விதிகளைத் தே செங் போ வழக்கில் பிரிவி கவுன்சில் செல்லாது என்றதும், 1979இல் நாடாளுமன்றம் முன்தேதியிட்டு ஒரு சட்டம் போட்டு எல்லாவற்றையும் செல்லுபடியாக்கியது. இலங்கையில் நீதிமன்றம் வென்ற ஆட்டத்தை இங்கே நாடாளுமன்றம் வென்றது. இரண்டு தரப்புப் பிள்ளைகளுக்கும் ஆளுக்கொரு முன்னுதாரணம் ஆச்சு.


பழைய_பூட்ஸ்:

வக்கீல் ஐயா மேலே இருந்து சொன்னார். நான் லாரியிலிருந்து சொல்கிறேன். டீச்சர், உங்கள் கதையில் விடியற்காலை 5 மணி முதல் 9 மணி வரை நடப்பதை யாரும் எழுதியிருக்க மாட்டார்கள். வழக்கு பாதி சாவது அந்த நான்கு மணி நேரத்தில்தான்.

சரணடைந்தவனிடம் துப்பாக்கியை வாங்கியதும் எல்லாவற்றையும் லாரியில் குவித்துவிடுவார்கள். அதோடு முடிந்தது: எந்தத் துப்பாக்கி யார் கையில் இருந்தது, எது சுட்டது, எது சுடவில்லை என்று பிறகு ஆண்டவனாலும் சொல்ல முடியாது. சரியான முறை என்றால் ஒவ்வொன்றுக்கும் ஓர் அட்டை. சிப்பாயின் பெயர், படை எண், துப்பாக்கியின் வரிசை எண், மகசினில் மீதமிருந்த தோட்டா எத்தனை, எந்த இடம், எத்தனை மணி, யார் வாங்கினது. முகாம் ஆயுதக் கிடங்குப் பதிவேட்டில் இரவு எத்தனை தோட்டா கொடுத்தார்கள் என்று இருக்கும். 30 கொடுத்து 30 திரும்பி வந்தால் அந்தச் சிப்பாய்க்கு அதைவிடப் பெரிய வக்கீல் கிடையாது. 30இல் 19தான் வந்தது என்றால் அரசுத் தரப்புக்கு ஒரு கதை கிடைக்கும்.

அதேபோல வாசல் பதிவேடு, பெட்ரோல் பதிவேடு, வயர்லெஸ் பதிவேடு. யார் கையெழுத்தில் லாரி வெளியே போனது? எத்தனை லிட்டர் போட்டார்கள்? வழக்கமான ரோந்துக்கு எவ்வளவு வேண்டும், அன்றைக்கு எவ்வளவு போட்டார்கள் என்ற வித்தியாசமே முன்திட்டத்துக்குச் சாட்சி. முதல் அரை மணியில் இந்த நான்கு புத்தகத்தையும் எடுத்துப் பூட்டாவிட்டால், ஒன்று தொலைந்துபோகும், இல்லையென்றால் ஒரு பக்கம் கிழிந்திருக்கும்.

அடுத்தது ஆட்களைப் பிரித்து வைப்பது. கர்னலையும் சிப்பாய்களையும் ஒரே கூடத்தில் போட்டால் காலைக்குள் எல்லார் வாயிலும் ஒரே கதை. அதற்காக மாதக்கணக்கில் தனிக்கொட்டடியில் அடைப்பதும் வேறு வில்லங்கம். ஐ.நா.வின் மண்டேலா விதிகள்படி 15 நாளைத் தாண்டித் தொடர்ந்து தனிமையில் வைக்கக் கூடாது.

பிறகு டாக்டர். உள்ளே வரும்போது ஒரு தடவை, வெளியே போகும்போது ஒரு தடவை பார்க்க வேண்டும், பார்க்கும்போது போலீஸ்காரர் அறைக்கு வெளியே நிற்க வேண்டும். உள்ளே வரும்போது பார்க்காமல் விட்டால், பிறகு உடம்பில் இருக்கும் காயம் சண்டையில் பட்டதா, லோக்காப்பில் பட்டதா என்ற கேள்விக்கு அரசாங்கத்திடம் பதில் இருக்காது. மணிக்கட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். பிளாஸ்டிக் கட்டு போட்டுப் பல மணி நேரம் விட்டால் விரல் மரத்துப் போகும், தழும்பு வாரக்கணக்கில் நிற்கும்.

நம் நாட்டுக் கணக்கு: அரசியலமைப்பு 5ஆவது பிரிவுப்படி 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்த வேண்டும், பயண நேரம் தனி. குற்றவியல் நடைமுறைச் சட்டம் 117படி ரிமாண்ட், 14 ஆண்டுக்குக் குறைந்த தண்டனைக் குற்றம் என்றால் 4 நாள், பிறகு 3 நாள். 14 ஆண்டோ அதற்கு மேலோ என்றால் 7 நாள், பிறகு 7 நாள். ஆனால் பேரரசருக்கு எதிராகப் போர் தொடுப்பது என்ற தண்டனைச் சட்டம் 121ஆம் பிரிவு, சொஸ்மா என்ற பாதுகாப்புக் குற்றச் சட்டத்தின் பட்டியலில் இருக்கிறது. அங்கே போனால் 24 மணிக்குப் பிறகு போலீஸ் உயரதிகாரியே 28 நாள் வரை நீட்டலாம், வக்கீலைப் பார்க்க 48 மணி நேரம் வரை தள்ளிப் போடலாம். இசா என்ற பழைய உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தில் போலீஸ் கையில் 60 நாள், அதன்பிறகு அமைச்சர் கையெழுத்தில் இரண்டிரண்டு வருஷமாகக் காமுண்டிங் தடுப்பு முகாம்.

சும்மா ஒரு தகவல். இந்தத் தடுப்புக்காவல் எல்லாவற்றுக்கும் வேர் உங்கள் ஊர்தான். 1948 ஜூன் 16ஆம் தேதி சுங்கை சிப்புட்டில் எல்பில் தோட்டத்திலும் பக்கத்துத் தோட்டத்திலும் துரைமார் மூன்று பேர் சுடப்பட்டதற்குப் பிறகுதான் அவசரகாலம் வந்தது. அந்த விதிகளின் கீழ்தான் தொழிற்சங்கத் தலைவர் எஸ்.ஏ. கணபதி துப்பாக்கி வைத்திருந்தார் என்று 1949 மே மாதம் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். அவசரகாலம் 1960 ஜூலை 31இல் முடிந்தது, மறுநாளே இசா அமலுக்கு வந்தது. பிள்ளைகளுக்கு இதைச் சொன்னால் தூக்கம் கலையும்.


பால்வாளி:

எல்லாம் படித்தேன். கோபிக்காதீர்கள், ஒரு கேள்வி. டாங்கியைத் தெருவில் இறக்கி நாட்டைப் பிடிக்க வந்தவனுக்கு இவ்வளவு உபசாரமா? அட்டை, டாக்டர், வக்கீல்... அவன் ஜெயித்திருந்தால் பிரதமருக்கு டாக்டர் அனுப்பியிருப்பானா? வெளியே இன்னும் எத்தனை பேர் ஒளிந்திருக்கிறான் என்று தெரியாத நேரத்தில் 24 மணி நேரக் கணக்குப் பார்த்துக்கொண்டு இருந்தால் இரண்டாவது ரவுண்டு வந்துவிடும். டீச்சர் பிள்ளைகள் அரசுத் தரப்பையும் நியாயமாக வைக்க வேண்டும்.


நூலகத்தார்:

பால்வாளி அண்ணன் கேட்டது சரியான கேள்வி. அரசுத் தரப்பின் மிகப் பலமான வாதமே அதுதான், அதை நையாண்டி செய்யாமல் வைக்கட்டும். அதற்கு மறுமொழியாகத் துருக்கியை எடுத்துக்கொள்ளலாம்.

2016 ஜூலை 15 இரவு உண்மையிலேயே டாங்கிகள் வந்தன, நாடாளுமன்றத்தின் மேல் குண்டு விழுந்தது, 250 பேர் அளவில் செத்தார்கள். அரசாங்கத்தின் பயம் கற்பனை இல்லை. அவசரகாலம் அறிவிக்க அவர்களுக்கு உரிமை இருந்தது, ஐரோப்பிய மனித உரிமை உடன்படிக்கையிலும் அதற்கு வழி உண்டு. அறிவித்தார்கள். வில்லங்கம் அதற்குப் பிறகு வந்த ஆணைகளில்.

ஜூலை 23இல் வந்த 667ஆம் ஆணை: நீதிபதி முன் நிறுத்தாமல் 30 நாள் வரை காவல். வக்கீலும் கைதியும் பேசுவதைப் பதிவு செய்யலாம். அடுத்து வந்த 668: முதல் 5 நாள் வக்கீலையே தடுக்கலாம். 667இல் இன்னொரு வரியும் இருந்தது: இந்த ஆணையின்படி நடந்துகொள்ளும் அதிகாரிகளுக்குச் சட்டப் பொறுப்பு கிடையாது. 30 நாள், வக்கீல் இல்லை, கேள்வி கேட்பாரும் இல்லை. மூன்றையும் ஒன்றாகப் போட்டால் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை. லோக்காப் போதாமல் விளையாட்டு அரங்கிலும் குதிரை லாயத்திலும் ஆட்களை அடைத்தார்கள். அடிபட்டதற்கும் உணவு தண்ணீர் மறுக்கப்பட்டதற்கும் நம்பத்தக்க ஆதாரம் இருப்பதாக அம்னெஸ்டி ஜூலை 24லேயே சொன்னது. முகம் வீங்கி, காதில் கட்டுப் போட்ட ஜெனரலின் படம் உலகம் முழுக்கப் போனது. ஆகஸ்டில் சிறையில் இடம் பண்ண சுமார் 38,000 பழைய கைதிகளை முன்கூட்டியே விட வேண்டி வந்தது. 30 நாளை அவர்களே 2017 ஜனவரியில் 7 நாளாக இறக்கினார்கள், தேவைப்பட்டால் இன்னொரு 7.

இதில் பால்வாளி அண்ணன் கவனிக்க வேண்டியது, இதனால் அரசாங்கமே எங்கெங்கே தோற்றது என்பது. எட்டு இராணுவத்தினர் ஹெலிகாப்டரில் கிரீசுக்கு ஓடினார்கள். திருப்பி அனுப்பினால் நியாயமான விசாரணை கிடைக்காது, சித்திரவதை ஆபத்து உண்டு என்று கிரீஸ் உச்ச நீதிமன்றம் 2017 ஜனவரியில் மறுத்துவிட்டது. கையில் கிடைத்திருக்க வேண்டிய ஆட்கள், காவல் முறையால் கைவிட்டுப் போனார்கள். அடுத்து, கவிழ்ப்பு முயற்சிக்கு மறுநாளே 2,745 நீதிபதிகளையும் அரசு வழக்குரைஞர்களையும் வேலையிலிருந்து நிறுத்தினார்கள். ஒரே இரவில் விசாரித்திருக்க முடியாது, பட்டியல் முன்பே இருந்திருக்க வேண்டும் என்ற சந்தேகம் இன்றுவரை போகவில்லை.

பைலாக் என்று ஒரு கைப்பேசிச் செயலி. கவிழ்ப்புக்குக் காரணம் என்று அரசாங்கம் சொன்ன குழுவினர் அதைப் பயன்படுத்தியதாகச் சொன்னார்கள். அதைப் பயன்படுத்தியதே ஆயுதக் குழு உறுப்பினர் என்பதற்கு ஏறக்குறைய முழு ஆதாரம் என்று ஆயிரக்கணக்கானோரைத் தண்டித்தார்கள். 2023 செப்டம்பர் 26இல் யல்சின்காயா வழக்கில் ஸ்ட்ராஸ்பூரில் இருக்கும் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தின் பெரிய அமர்வு, அது ஐரோப்பிய உடன்படிக்கையின் 7ஆவது பிரிவை (சட்டத்தில் இல்லாத குற்றத்துக்குத் தண்டனை கிடையாது) மீறுகிறது என்றது. செயலியைத் தொட்டவனுக்குக் குற்ற எண்ணம் இருந்ததா என்று தனியாகக் காட்டவே இல்லை என்பதுதான் கோளாறு. அதேபோலச் சுமார் 8,500 மனுக்கள் அந்த நீதிமன்றத்தில் வரிசையில் நின்றன. வேலையை அரைகுறையாகச் செய்தால் இரண்டு தடவை செய்ய வேண்டும், அவ்வளவுதான்.


பழைய_பூட்ஸ்:

பால்வாளி தம்பி, ஒளிந்திருப்பவனைப் பிடிக்கத்தான் சொல்கிறேன் அட்டை எழுது என்று. யார் யாரோடு வந்தான் என்று தெரிந்தால்தானே யார் வரவில்லை என்று தெரியும்.

சிப்பாய் கேள்விக்கு வருகிறேன். நம் தண்டனைச் சட்டம் 76ஆம் பிரிவில் ஓர் உதாரணமே இருக்கிறது: மேலதிகாரியின் கட்டளைப்படி, சட்டம் சொன்ன வழியில் கூட்டத்தின் மேல் சுடும் சிப்பாய் குற்றவாளி இல்லை. மெக்காலே காலத்துச் சட்டம், இந்தியாவிலும் 2024 வரை அமலில் இருந்த பழைய தண்டனைச் சட்டத்தில் அதே எண், அதே உதாரணம். ஆனால் கொக்கி "சட்டம் சொன்ன வழியில்" என்பதில் இருக்கிறது. ரோந்து போ என்றால் கட்டளை. பிரதமர் வீட்டை உடை என்றால் அது எந்த வகையில் சட்டக் கட்டளை?

அப்படியென்றால் "சுட்டுவிடுவேன் என்று மிரட்டினார்கள், அதனால் போனேன்" என்று சொல்லலாமா? 94ஆம் பிரிவு மிரட்டலை மன்னிக்கும். ஆனால் கொலைக்கும், மரண தண்டனை உள்ள அரசுக்கு எதிரான குற்றங்களுக்கும் மன்னிக்காது. 121ஆம் பிரிவில் மரண தண்டனை உண்டு. அந்தக் கதவு மூடிவிட்டது. சிப்பாயின் வக்கீலுக்கு மிஞ்சுவது ஒன்றுதான்: அவனுக்கு என்ன சொல்லப்பட்டது, எப்போது உண்மை தெரிந்தது, தெரிந்த பிறகு என்ன செய்தான். லாரி ஏறும்போது பயிற்சி என்று சொன்னார்களா? வானொலி நிலைய வாசலில் ஓர் உதவியாளர் தரையில் கிடப்பதைப் பார்த்த பிறகும் நின்றானா? அந்த நிமிடத்தைப் பிடித்து வாதாடட்டும். துருக்கியில் இதைத்தான் இளம் விமானப்படைப் பயிலுநர்கள் சொன்னார்கள், பலருக்கும் ஆயுள் தண்டனை கிடைத்தது.

ஸ்பெயின் வேறு வழியில் போனது. 1981 பிப்ரவரி 23இல் டெஜெரோ என்ற அதிகாரி 200 காவலர்கள் அளவில் கூட்டிக்கொண்டு நாடாளுமன்றத்தில் நுழைந்தார். மறுநாள் சரணடையும்போது ஒரு லேண்ட் ரோவரின் பானெட் மேல் தாளை வைத்து ஒப்பந்தம் எழுதினார்கள். கீழ்மட்டத்தாரைப் பொறுப்பாக்கக் கூடாது என்பது அதில் ஒரு நிபந்தனை. சாதாரணக் காவலர்கள் மீது வழக்கே வரவில்லை. வழக்கு 33 பேர் மேல், அதில் ஒருவர்தான் சிவிலியன். முதலில் இராணுவ உயர் நீதிமன்றம் விசாரித்தது, ஜெனரல் அர்மாடாவுக்கு வெறும் 6 வருஷம் கொடுத்தது. அரசாங்கம் சிவில் உச்ச நீதிமன்றத்துக்கு மேல்முறையீடு போய், 1983இல் அது 30 வருஷமாக ஏறியது. இராணுவ நீதிமன்றமா சிவில் நீதிமன்றமா என்ற கேள்விக்கு இது நல்ல விடை. இராணுவத்தான் இராணுவத்தானை விசாரித்தால் கடுமையாக இருப்பான் என்று நினைப்போம், சில நேரம் நேர்மாறு. மேலே ஒரு சிவில் நீதிமன்றம் இருந்ததால் அரசாங்கத்தின் வழக்கு தப்பித்தது. உங்கள் கதையில் ஓய்வு பெற்ற போலீஸ்காரரும் குமாஸ்தாவும் இருப்பதால் எல்லாரையும் ஒரே சிவில் நீதிமன்றத்தில் வைப்பதுதான் சுலபம்.

உள்ளூர் உதாரணம் வேண்டுமென்றால் 2000 ஜூலை, சாவுக். உங்களுக்கு மேலே குவாலா கங்சார் தாண்டினால் அந்த இடம். அல் மவுனா கும்பல் இராணுவ அதிகாரிகள் போல உடுத்தி வந்து முகாம்களில் நூறுக்கும் மேற்பட்ட ஆயுதங்களை அள்ளிப் போனது. பிணை பிடிக்கப்பட்டவர்களில் இரண்டு பேர் கொல்லப்பட்டார்கள், அதில் ஒருவர் நம் சகாதேவன், போலீஸ்காரர். இராணுவக் கவிழ்ப்பு இல்லை என்றாலும் வழக்கு 121ஆம் பிரிவு, முன்பே புத்தகத்தில் இருந்த பிரிவு, உயர் நீதிமன்றம். 29 பேரில் 10 பேர் சிறிய குற்றச்சாட்டை ஒப்புக்கொண்டு 10 ஆண்டு பெற்றார்கள். தலைவனுக்கு மரண தண்டனை, 2006இல் நிறைவேற்றப்பட்டது. தூக்குத் தண்டனை சரியா என்பது வேறு விவாதம். வழக்கு மேல்முறையீட்டில் உடையவில்லை என்பதைக் கவனியுங்கள்.


சனிவகுப்பு:

எல்லாருக்கும் நன்றி. இரண்டு சிறு சந்தேகம். கர்னல் சரணடையும்போது "பொதுமன்னிப்பு தருகிறோம்" என்று அமைச்சர் ஒருவர் தொலைபேசியில் சொன்னதாகப் பிள்ளைகள் எழுதியிருக்கிறார்கள். அது கட்டுப்படுத்துமா? இரண்டாவது, 14 பேருக்கும் வேலை வர வேண்டும், 2 மணி நேரத்தில் எதை வைப்பது, எதை விடுவது?


ஈப்போ_வக்கீல்:

பொதுமன்னிப்புக்கு பிஜியைப் படிக்கச் சொல்லுங்கள். 2000 மே 19இல் ஜார்ஜ் ஸ்பைட் கும்பல் நாடாளுமன்றத்தில் நுழைந்து, நம்மவர் வம்சாவளிப் பிரதமர் மகேந்திர சௌத்ரியை 56 நாள் பிணை வைத்தது. ஜூலையில் மன்னிப்பு உடன்பாடு கையெழுத்தானது, பிணைக் கைதிகள் வெளியே வந்தார்கள். ஆனால் எல்லா ஆயுதங்களையும் திருப்பித் தர வேண்டும் என்பது நிபந்தனை. தரவில்லை. அந்த மாதக் கடைசியிலேயே ஸ்பைட்டைப் பிடித்துவிட்டார்கள். 2002இல் துரோகக் குற்றத்தை ஒப்புக்கொண்டார், மரண தண்டனை, உடனே ஆயுளாகக் குறைப்பு, 2024இல் மன்னித்து விட்டார்கள். ஆகவே பிள்ளைகள் எழுதும் மன்னிப்பில் மூன்று விஷயம் இருக்க வேண்டும்: யார் கொடுத்தது, அவருக்கு அந்த அதிகாரம் உண்டா, நிபந்தனை நிறைவேறியதா. தொலைபேசியில் சொன்னதுக்குப் பதிவு இல்லையென்றால் கர்னல் பாடு திண்டாட்டம். அதுவும் நல்ல நாடகம்தான்.

ஆள் கணக்கு: நீதிபதிகள் 3, அரசுத் தரப்பு 2, எதிர்த்தரப்பு வக்கீல் 3, குற்றவாளிக் கூண்டில் கர்னல், கேப்டன், ஒரு சிப்பாய் என்று 3, சாட்சிகளாக ஆயுதக் கிடங்குக் காவலர், டாக்டர் என்று 2, நீதிமன்ற எழுத்தர் 1. மொத்தம் 14. போலீஸ்காரரையும் குமாஸ்தாவையும் கதையிலேயே வெட்டிவிடுங்கள். 2 மணி நேரத்தில் ஐந்து குற்றவாளியைச் சுமக்க முடியாது.

குற்றப்பத்திரிகை வாசிக்க 10 நிமிடம். அதன்பிறகு 25 நிமிடம் கேப்டனின் வாக்குமூலத்துக்கே கொடுங்கள். தானாகக் கொடுத்ததா, வாங்கினதா என்று வழக்குக்குள் ஒரு குட்டி வழக்கு நடத்தி நீதிபதிகள் உடனே முடிவு சொல்ல வேண்டும். இங்கேதான் டாக்டரும் மணிக்கட்டுத் தழும்பும். பிள்ளைகள் வழக்கமாக இதைக் கடைசியில் வைப்பார்கள், அப்போது வாக்குமூலம் எல்லார் காதிலும் விழுந்துவிட்டிருக்கும், பிறகு தள்ளி என்ன பயன்? அடுத்து அரசுத் தரப்புக்கு 20, எதிர்த்தரப்புக்கு 20. காவலரின் தோட்டாக் கணக்கைப் பழைய பூட்ஸ் ஐயா சொன்னபடி ஓர் அட்டையில் எழுதி வைத்துவிடுங்கள், ஆளாளுக்கு எண்ணை மாற்றாமல் இருக்கும்.

75ஆவது நிமிடத்தில் எழுத்தர் எழுந்து ஓர் உறையை நீதிபதிகளிடம் தரட்டும். உள்ளே ஒரே தாள்: "நாடாளுமன்றம் இன்று காலை நிறைவேற்றிய சட்டம்". மூன்று வரி போதும். இந்த இரவில் நடந்த சம்பவத்துக்கு மட்டும் பொருந்தும். குறைந்தபட்சம் 10 ஆண்டு. குடும்பச் சொத்தும் பறிமுதல். இரு தரப்பும் முன்தயாரிப்பு இல்லாமல் 20 நிமிடம் அதன்மேல் வாதாட வேண்டும். அரசுத் தரப்புக்கு 1979 சட்டம், எதிர்த்தரப்புக்கு 1965 லியனகே தீர்ப்பு. அமைச்சர் நீதிபதியைத் தேர்ந்தெடுப்பது பற்றிப் பேச்சு வந்தால், நம் ஊரிலேயே 1987இல் யாப் பெங் வழக்கு இருக்கிறது. எந்த வழக்கை எந்த நீதிமன்றம் கேட்க வேண்டும் என்பதை அரசு வழக்குரைஞர் தீர்மானிக்கும் பிரிவை அன்றைய உச்ச நீதிமன்றம் செல்லாது என்று அடித்தது. மறு வருஷமே அரசியலமைப்பின் 121ஆவது பிரிவையே திருத்தினார்கள். தண்டனைச் சட்டத்தின் 121 வேறு, இது வேறு, பிள்ளைகள் குழம்பாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மீதி 25 நிமிடத்தில் 10 நீதிபதிகள் கலந்து பேச, 15 தீர்ப்பு. மூன்று பேரும் தனித்தனியாக எழுத வேண்டும். ஒருவராவது மாறுபட்டால் நல்லது, ஆனால் கட்டாயப்படுத்த வேண்டாம். அந்த உறை விஷயம் முன்கூட்டி யாருக்கும் தெரியக் கூடாது, எழுத்தராக வரும் பிள்ளைக்கும் சேர்த்து.


பால்வாளி:

ஒப்புக்கொள்கிறேன், தோட்டாக் கணக்கு எனக்குப் பிடித்துவிட்டது. டீச்சர், அரசுத் தரப்புப் பிள்ளைகள் இரண்டு பேருக்கும் நான் பயிற்சி தரட்டுமா? சனிக்கிழமை 3 மணிக்கு மேல் வேலை முடிந்துவிடும். உறையைப் பற்றி நான் படித்துவிட்டேன், ஆனால் வாயைத் திறக்க மாட்டேன்.


சனிவகுப்பு:

தாராளமாக வாங்க அண்ணே. 3.30க்கு மண்டபம் திறந்திருக்கும். கர்னலைச் சுடும் காட்சியை எடுத்தாச்சு. அதை எழுதின பையனைத்தான் டாக்டராகப் போட்டிருக்கிறேன்.